சேஸா, சூவலா? பெங்கல்ஸ் 5ஆவது இடத்தில் எடுத்த முடிவு சரிதான்

2021 என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ட்ராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் நிகழ்வில், சின்சினாட்டி பெங்கல்ஸுக்கு 5ஆவது இடம். முதல் மூன்று இடத்திலும் குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்) போய்விட்டார்கள், 4ஆவதாக அட்லாண்டா கைல் பிட்ஸை எடுத்தது. மிச்சம் ஒரே கேள்வி: பந்தைப் பிடிக்கும் ஜமார் சேஸா, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் பெனே சூவலா? இன்று வரை சண்டை ஓயவில்லை. என் கட்சி சேஸ். ஆனால் அதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கு உடன்பாடில்லை.

சூவல் பக்கத்து நியாயம் லேசானது அல்ல. முந்தைய நவம்பரில்தான் பெங்கல்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் இடது முழங்கால் வாஷிங்டன் மைதானத்தில் நொறுங்கியது. முதல் வருஷக்காரர், அந்த அணியின் மொத்த எதிர்காலமே அவர்தான். அப்படி இருக்கும்போது ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 2019இல் அவுட்லேண்ட் விருது (சிறந்த முன்வரிசைக் கல்லூரி வீரருக்கானது) வாங்கிய, 20 வயதே ஆன, கிட்டத்தட்ட 150 கிலோ உடம்போடு லேசாக ஓடக்கூடிய ஒரு டேக்கிள் (காவல் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) கண்ணெதிரே நிற்கிறார் என்றால், எடுக்காமல் எப்படி இருப்பது? இது பயத்தில் பிறந்த வாதம்தான், ஆனாலும் நியாயமான பயம்.

சேஸ் பக்கம் வந்தால், 2019இல் எல்.எஸ்.யு.வில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) பர்ரோ வீசியதைப் பிடித்தே 1,780 யார்டு, 20 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது). 2020இல் இருவருமே ஆடவில்லை, அதனால் பழைய வீடியோவை வைத்துத்தான் இருவரையும் எடைபோட வேண்டியிருந்தது. டீ ஹிக்கின்ஸ், டைலர் பாய்ட் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொரு ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) எதற்கு என்று கேட்டார்கள். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் சேஸ் பந்தைத் தவறவிட்டபோது அந்தக் குரல் இன்னும் பலமாகக் கேட்டது.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 1,455 யார்டு, 13 டச்டவுன், சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது. எனக்கு அதில் முக்கியம் 2022 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிரான ஆட்டம்: 31-31 சமநிலை, கடைசி நிமிடங்கள், மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), தேவை 27 யார்டு. எல்லா அணியும் பந்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கத் தயாராகும் சூழ்நிலை அது. பர்ரோ உயரத் தூக்கிப் போட்டார், சேஸ் 30 யார்டுக்குப் பிடித்தார், ஆட்டமும் கைக்கு வந்தது, டிவிஷன் (லீகின் உள்பிரிவு) பட்டமும் வந்தது. அன்று அவர் கணக்கு மொத்தம் 266 யார்டு. இதை எந்த டேக்கிளாலும் தர முடியாது.

சரி, "சேஸ் பெரிய ஆள், அதனால் சரியான தேர்வு" என்று இங்கே முடித்துவிடுவதுதான் வழக்கம். அது போதாது, ஏனென்றால் சூவலும் அதே அளவு பெரிய ஆள்தான்: 7ஆவது இடத்தில் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்து, 2023, 2024 இரண்டு வருஷமும் ஆல்-ப்ரோ (அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இருந்தார். 2022 டிசம்பரில் மின்னசோட்டாவுக்கு எதிராக மூன்றாவது டவுனில் இந்த மலை போன்ற மனிதரையே ரிசீவராக ஓடவிட்டு 9 யார்டு எடுத்து ஆட்டத்தை முடித்தார்கள் என்றால் பாருங்கள். இன்னொரு பக்கம், 2021இல் பர்ரோ 51 முறை சாக் வாங்கினார் (பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார்), லீகிலேயே அதிகம். டென்னசியோடு ஆடிய ப்ளே-ஆஃபில் மட்டும் 9, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் 7.

ஆனால் அந்த அடி எந்த வழியாக வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பர்ரோவின் முழங்கால் போன அன்று கார்டை (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் காவல் வீரரை) பின்னால் தள்ளிக்கொண்டு வந்து காலில் மோதியவர் வாஷிங்டனில் உள்பக்கம் நிற்கும் ஜொனாதன் ஆலன். சூப்பர் பௌலின் கடைசி நான்காவது டவுனில் பர்ரோவைப் பிடித்துச் சுழற்றியவர் எதிரணியின் ஆரன் டொனால்ட், அவரும் உள்பக்கத்து ஆள். அதே நொடியில் அந்தப் பக்கம் சேஸைத் தடுக்க நின்ற ஜேலன் ராம்ஸி சறுக்கிவிழ, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். ஓரத்தில் நிற்கும் டேக்கிள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நடுவில் உடைந்து வருபவனை அவரால் நிறுத்த முடியாது. ஐந்து பேர் சேர்ந்து நிற்கும் சுவரில் எதிரணி தேடிப்பிடிப்பது பலவீனமான ஆளைத்தான். பெங்கல்ஸுக்கு அந்த ஓட்டை இருந்தது உள்ளே.

லயன்ஸ் நிலைமை வேறு. அங்கே டேலர் டெக்கர், ஃப்ராங்க் ராக்னோ என்று பாதிச் சுவர் ஏற்கெனவே நின்றது. அதன் மேல் சூவல் வந்தபோது அவர் மதிப்பு இரட்டித்தது. பெங்கல்ஸில் அதே ஆள் ஒரு மூலையை மட்டும் சரிசெய்திருப்பார்.

எனவே பெங்கல்ஸ் நிர்வாகத்தைத் திட்டுவதென்றால் முதல் சுற்றை விட்டுவிட்டு இரண்டாவது சுற்றுக்கு வாருங்கள். 38ஆவது இடத்திலிருந்து 46க்கு இறங்கி ஜாக்சன் கார்மனை எடுத்தார்கள், அவரால் ஒரு இடத்தையும் நிலையாகப் பிடிக்க முடியவில்லை. அப்போது சென்டர் (காவல் வரிசையின் நடுவில் நிற்பவர்) க்ரீட் ஹம்ஃப்ரி இன்னும் பட்டியலில் இருந்தார். 63ஆவது இடம் வரை காத்திருந்து அவரை எடுத்தது சீஃப்ஸ்.