பழைய மேக்புக்கில் பேக்கப் மீட்பு: ஒட்டுமொத்தமாகவா, கைப்படவா?

மும்பை மாட்டுங்காவில் என் மேசைமேல் இருக்கும் 2012 மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் அனுமதித்த கடைசி இயங்குதளம் கேடலினா. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022-உடன் நின்றுவிட்டன. லாமிங்டன் ரோட்டில் வாங்கிய எஸ்எஸ்டியைப் பொருத்தி, ஆப்பிள் கைவிட்ட கணினிகளிலும் புதிய மேக்ஓஎஸ்ஸை ஓடவைக்கும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற மென்பொருளின் துணையோடு, கேடலினாவுக்குப் பிந்தைய பதிப்பான சொனோமாவை ஏற்றினேன். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினில் கிடந்த எட்டு வருடக் கோப்புகளை, கணக்கு, அமைப்புகள், மென்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றித்தரும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் மூலம் ஒட்டுமொத்தமாக இறக்குவதா, புதிய கணக்கில் வேண்டியவற்றை மட்டும் கைப்பட எடுத்துவைப்பதா என்பதே அடுத்த கேள்வி. கேடலினாவுக்கே திரும்பி முழுமையாக மீட்கலாம்தான். இணையத்தில் அன்றாடம் புழங்கும் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் ஒட்டுமொத்தமாகவே இறக்கினேன். இரவு தொடங்கியது காலையில் முடிந்திருந்தது; மேசைத்திரைப் படம்கூட அப்படியே இருந்தது. ஆனால் இந்தக் கணினியின் எச்டி 4000 கிராபிக்ஸுக்கும் வைஃபைக்கும் வேண்டிய டிரைவர்கள் சொனோமாவில் இல்லை. பேட்சர்தான் அவற்றை ரூட் பேட்சாக சிஸ்டம் பகுதிக்குள் எழுதுகிறது. அந்த வேலை பாதியில் நின்று, பிழை எண் 71 என்றது. தேடிப் பார்த்தபோது, எப்போதோ விற்றுவிட்ட ஸ்கேனர் ஒன்றின் கெர்னல் எக்ஸ்டென்ஷன் (இயங்குதளத்தின் மையத்தோடு இணையும் துணை மென்பொருள்) பேக்கப்போடு சேர்ந்து வந்து, வட்டின் மேல்மட்டத்தில் உள்ள லைப்ரரியின் எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையில் உட்கார்ந்திருந்தது. அதை நீக்கியதும் பேட்ச் ஏறியது.

ஒருமுறைதானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் பராமரிப்பு. ஒவ்வொரு அப்டேட்டும் சிஸ்டம் பகுதியைப் புதிதாக எழுதுவதால், ரூட் பேட்ச் அழிந்து, திரை இழுத்து இழுத்து நகரும், வைஃபை போய்விடும். ஒவ்வொரு முறையும் மறுபடி பேட்ச் போட்டாக வேண்டும். பழைய எக்ஸ்டென்ஷன்களைச் சுமந்துவந்த கணினியில் அந்த ஒவ்வொரு முறையும் எது இடறுமோ என்ற கவலை உண்டு. ஆகவே எஸ்எஸ்டியை அழித்துவிட்டு, இரண்டாவது வழிக்கு மாறினேன். அதன்பின் வந்த அப்டேட்டுகளில் 71 தலைகாட்டவில்லை. நான் கண்டது இந்த ஒரே கணினியில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கைப்பட எடுப்பதற்கு இரண்டு மாலைகள் ஆயின. ஆவணங்களும் போட்டோஸ் லைப்ரரியும் எளிதில் வந்தன. மின்னஞ்சல் சர்வரிலிருந்தே இறங்கிக்கொண்டது. மறந்தது எழுத்துருக்களை. பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றைத் திறந்தபோது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த மணமக்கள் பெயர்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நின்றன. மேக்கில் கோப்புகளை உலவும் பைண்டரின் கோ மெனுவை ஆப்ஷன் விசையோடு திறந்தால் தென்படும், பயனர் கணக்குக்குரிய இன்னொரு லைப்ரரிக்குள்தான் எழுத்துருக் கோப்புறை இருக்கிறது. பேக்கப்பில் அதே இடத்திலிருந்து அதை எடுத்துவைத்தபின் பெயர்கள் திரும்பின.

உரிமம் பெற்ற மென்பொருள்கள் பல உள்ளவர்களுக்கு ஒட்டுமொத்த மீட்பே உழைப்பை மிச்சப்படுத்தலாம். அவர்கள் பேட்ச் போடுமுன் அந்த எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்துவிடட்டும். எந்த வழியானாலும், பேட்சர் தனக்கு வேண்டியதை இணையத்திலிருந்து இறக்கும்போது வைஃபை இருக்காது என்பதால், ஈதர்நெட் வயர் ஒன்றை நான் மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.