ரீஸ்டோர் பண்ணின கேம்பர் வேன்னு 4,60,000 குடுத்து ஏமாந்தேன், வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். குற்றாலம் சீசனுக்கு ரூம் போட்டு கட்டுபடியாகல, பிள்ளைய ரெண்டையும் கூட்டிக்கிட்டு வேன்லயே படுத்து எந்திச்சு நாலு ஊரு பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

எங்கப்பா வச்சிருந்த 2007 மாடல் மாருதி ஆம்னி வேன் ஒண்ணு வீட்டு முன்னால நின்னுச்சு. 15 வருஷம் முடிஞ்சு 2022லயே எஃப்சி (வண்டி ஓட்ட லாயக்கான்னு பாக்குற தகுதிச் சான்று) காட்டி 2027 வரைக்கும் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிச்சு வச்சிருந்தாவ. எங்க மெக்கானிக் அண்ணாச்சி பாத்துட்டு, "தம்பி, கிளட்ச், ரேடியேட்டர், நாலு டயரு, கீழ கொஞ்சம் தகடு வெட்டி ஒட்டணும், பின்னால மடக்குக் கட்டிலு, எல்லாஞ் சேத்து ஒரு லட்சத்துக்குள்ள முடிச்சுத் தாரேன், ரெண்டு மாசம் பொறுங்க" ன்னாவ. சீசன் போயிருமேன்னு நான் பொறுக்கல. தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது.

போன்ல வீடியோ பாத்து வெளியூர் பட்டறை ஒண்ணுக்கு 2025 மே மாசம் போனேன். அதுவும் ஆம்னிதான், 2010 மாடல். பச்சையும் வெள்ளையுமா பெயிண்ட், உள்ள மரக்கட்டிலு, சின்ன சிங்க், அடுப்பு, சுத்தி சீரியல் லைட்டு, வீட்ல பாத்தவுடனே பிடிச்சுப் போச்சு. "இன்ஜின் முழுக்க ரீபில்டு சார், பாடி புதுசு மாதிரி, ஆர்சி லைவ்ல இருக்கு" ன்னு ஒண்ணொண்ணா சொல்லி 4,60,000 வாங்கிட்டான். அப்பா வண்டிய 65,000க்கு புரோக்கர் கிட்ட தள்ளிவிட்டேன்.

முதல் டிரிப்லயே ஆலங்குளம் தாண்டல. டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறி, சீட்டுக்கு அடில இருந்து ஆவி வந்து, உள்ள பிள்ளைய அழ, ராத்திரி 9 மணிக்கு ரோட்டோரம் நின்னோம். ஆம்னில இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழதான, பின்னால படுத்திருந்த சின்னவளைத் தூக்கிட்டு இறங்குனப்ப என் கை நடுங்குனது இன்னும் நிக்கல.

கட்டி இழுத்துட்டு வந்து அண்ணாச்சி கிட்ட விட்டேன். இன்ஜினுக்குள்ள சீல் மாதிரி இருக்க ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, ரேடியேட்டர் பூரா போர் தண்ணி ஊத்தி உப்புப் படிஞ்சு அடைச்சுக் கிடக்கு, ரீபில்டு பண்ணினதுக்கு அடையாளமே இல்லன்னாவ. அப்புறம் ஒரு காந்தத்தை எடுத்து பாடில வச்சுக்கிட்டே வந்தாவ. கூரைல கப்புனு ஒட்டுச்சு, சைடுல ஸ்லைடிங் டோருக்குக் கீழ வச்சதும் பொத்துனு விழுந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால லேசா நோண்டுனா விரல் கனத்துக்கு பட்டி (ஓட்டைய மூடி மேல பெயிண்ட் அடிக்கப் பூசுறது), அதுக்குள்ள மடிச்சுத் திணிச்ச பேப்பர், அதுக்கும் உள்ள தகடே இல்ல. கட்டிலுக்கு அடில ரெண்டாவது பேட்டரில இருந்து லைட்டுக்குப் போற வயருக்கு ஒரு ஃபியூஸ் கூட போடல, முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தான், அதுக்குப் பக்கத்துலதான் அடுப்பு! பிள்ளைய தூங்குற இடம்யா அது. எனக்கு வயித்தெரிச்சலே அதுலதான்.

ஆர்சி கதை தனி. லைவ்ல இருந்தது நிசம், ஆனா 2025 ஆகஸ்ட்டோட 15 வருஷம் முடியுறதா இருந்துச்சு, நான் தேதிய ஒழுங்கா பாக்கல. ரினீவலுக்கு 5,000 ஃபீஸு, கிரீன் டாக்ஸ், அதெல்லாம் கட்டிரலாம், ஆனா எஃப்சிக்கு கொண்டு போனா ஆர்சில 8 சீட்டு, வண்டில மூணு சீட்டும் ஒரு கட்டிலும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி மாத்துனத ஆர்சில ஏத்தணும், ஏத்தல, அப்ப ஆர்டிஓ ஆபீஸ்காரங்க எப்படிப் பாஸ் பண்ணுவாவ? அவங்க மேல குத்தம் இல்ல. ஆக்சிடெண்ட் ஆனா இன்சூரன்ஸ்காரனும் இதையே சொல்லித்தான் கிளைம தட்டிவிடுவான்.

பட்டறைக்குப் போன் பண்ணினா, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" ன்னான். ரெண்டாவது தடவ பண்ணினப்ப நம்பர பிளாக் பண்ணிட்டான்.

இப்பிடி வண்டி வாங்கியே ஆகணும்னா உங்க மெக்கானிக்க கூட்டிட்டுப் போங்க, அவருக்குக் கூலி 2,000 குடுத்தாலும் நட்டமில்ல. வண்டிய தூக்கி அடிப்பக்கம் பாருங்க, கட்டில் பலகையக் கழட்டச் சொல்லுங்க, கழட்ட மாட்டேன்னா அப்பிடியே திரும்பி வந்துருங்க. அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டு ஆர்சி எந்தத் தேதி வரைக்கும்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. வீட்ல சொந்தமா ஒண்ணு நின்னா அதத்தான் சரி பண்ணுங்க. ஆம்னி 2019லயே நின்னு போச்சுன்னாலும் பழைய மாருதி 800 கார்ல கிடந்த அதே 796 சிசி இன்ஜின்தான், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகுனது, பார்ட்ஸும் கிடைக்கு.

அப்பா எப்ப ஆயில் மாத்துனாவ, எப்ப கூலண்ட் ஊத்துனாவன்னு ஒரு சின்ன டைரில எழுதி டேஷ்போர்டுக்குள்ள வச்சிருப்பாவ. வண்டியோட சேந்து அதும் போயிட்டு. சங்கரன்கோவில் பக்கம் யாரோ வாங்கிட்டுப் போனதா புரோக்கர் சொல்லுதான். வெள்ளை ஆம்னி, பின்கண்ணாடில பாதி கிழிஞ்ச முருகன் வேல் ஸ்டிக்கர் இருக்கும். யாராவது பாத்தியன்னா ஒரு மெசேஜ் போடுங்க, வண்டி தரலன்னாலும் அந்த டைரியவாச்சும் கேட்டு வாங்கணும்.