திருகோணமலையில் குடியேற: நகரமா, நிலாவெளியா?

வேலை மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நான் இரண்டு இடத்திலும் வாடகைக்கு இருந்திருக்கிறேன்.

நகரத்தில் சந்தை, பஸ் நிலையம், பத்திரகாளி அம்மன் கோயில் எல்லாம் நடை தூரம். பாண் வாங்கப் போகிற கடையிலேயே தமிழும் சிங்களமும் சேர்ந்து காதில் விழும். பின்னேரம் பிரெட்ரிக் கோட்டைக்குள் போனால் மான்கள் பாதையோரம் மேயும். அப்படியே ஏறினால் சுவாமி மலையில் கோணேசர் கோயில். வெள்ளிக்கிழமைகளில் அங்கே போய்ப் போய்த்தான் எனக்கு முகங்கள் பழகின. மூன்றாம் கிழமை ஒரு அம்மா பக்கத்தில் இருந்து, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டா. அன்றைக்குத்தான் இந்த ஊரில் கால் ஊன்றியதாக உணர்ந்தேன்.

நிலாவெளி வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அங்கே எல்லாமே கடல்தான். விடிய எழும்பிப் போனால் கரைவலை இழுப்பதைப் பார்த்து, மீனும் அங்கேயே வாங்கலாம். 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவுக்குப் படகு உண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை இதைவிட நல்ல இடம் கிடையாது. மாரியில் கடல் கொந்தளிக்கும், உல்லாசப் பயணிகள் குறைவார்கள், தெரு சீக்கிரமே அடங்கிவிடும். தனியாக வந்தவருக்கு அந்த இரவுகள் கடினம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் பார்க்க, எங்கிருந்து போனாலும் அரைநாள் போதும்.

முதல் வருடம் நகரத்திலேயே இருங்கள். நிலாவெளியில் வீடு பிடித்துப்போனால், முற்பணம் கொடுக்க முன் ஒரு கார்த்திகை மழை நாளில் போய்ப் பாருங்கள்.