ஆறு ஆண்டுகள், ஒரே சுற்று: பெகோ மலைச்சாலைகளில் என் சைக்கிள் அனுபவம்

பெகோ ஊரின் கடைசி ஆரஞ்சுத் தோப்பைத் தாண்டியதும் சி.வி. 712 சாலை மலையேறத் தொடங்கும். காலை ஏழரை மணிக்கு அங்கே கேட்பது சங்கிலி ஓடும் சத்தமும் எங்கோ ஓர் ஆட்டு மணியும்தான். ஆறு ஆண்டுகளில் இந்த ஏற்றத்தை இருநூறு முறைக்கு மேல் ஏறியிருப்பேன். உச்சி வரும்வரை ஒரு கார்கூட எதிரே வராத நாட்கள் பல உண்டு.

இடம் தெரியாதவர்களுக்கு: ஸ்பெயினின் கிழக்குக் கரையில், வலேன்சியாவுக்கும் அலிகாந்தேவுக்கும் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் இது. மரீனா அல்டா என்பார்கள். தேனியா, ஹாபியா, கால்பே என்று கரையோரம் முழுக்கச் சுற்றுலா ஊர்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனாலே சுண்ணாம்புப் பாறை மலைகள் எழும்பிவிடும். டிசம்பர், ஜனவரியில் தொழில்முறை சைக்கிள் அணிகள் கால்பேயில் வந்து தங்கிப் பயிற்சி எடுக்கும். அவர்கள் பின்னாலேயே வடக்கு ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அதனால் 'அமைதியான சாலை' என்று இங்கே பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தச் சாலை, எந்த நேரம், எந்தக் கிழமை என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் போகக்கூடாத சாலை. கரையோரம் ஓடும் என்-332 தேசிய நெடுஞ்சாலை. வரைபடத்தில் சமதளமாக, நேராக, ஆசை காட்டும். 2017 மே மாதம் ஒலிவா அருகே இதே சாலையில், குடித்துவிட்டுக் கார் ஓட்டி வந்த ஒருவர் சைக்கிள் குழு ஒன்றின் மீது மோதியதில் மூன்று பேர் இறந்தார்கள். இன்றும் அந்தப் பக்கம் போகும்போது மனசு கனக்கும். 2020 ஜனவரி 1 முதல் பக்கத்தில் ஓடும் ஏ.பி.-7 விரைவுச்சாலையில் சுங்கக் கட்டணம் நீக்கப்பட்டது. அதன்பின் லாரிகள் அங்கே மாறியதை நானே பார்த்தேன். ஆனாலும் என்-332-ஐக் குறுக்கே கடப்பதோடு சரி, அதன்மேல் நான் ஓட்டுவதில்லை. சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது இங்கே சட்டம். மலைக்குள் இருக்கும் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே விடுவார்கள். வளைவில் பின்னாலேயே பொறுமையாக வந்து, நேர்ச்சாலை வந்ததும் கடந்துபோவார்கள்.

அடுத்தது கோல் தெ ராத்தேஸ் என்ற மலைக்கணவாய். மரீனா அல்டா என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர். பார்சென்ட் ஊரிலிருந்து ஆறரை கிலோமீட்டர், சராசரிச் சரிவு ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல், 620 மீட்டருக்கு மேலே உச்சி. அருமையான ஏற்றம்தான், மறுக்கவில்லை. ஒரே சீராக மிதிக்கலாம், வலப்பக்கமோ இடப்பக்கமோ எப்போதும் பள்ளத்தாக்கு கண்ணில் படும். ஆனால் குளிர்காலச் சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போனால் உச்சியில் சைக்கிளைச் சாய்த்து வைக்க இடம் தேடவேண்டும், கூடவே மோட்டார் சைக்கிள் கூட்டமும். செவ்வாய், புதன் காலை எட்டுக்குப் போங்கள், அதே சாலை வேறு சாலையாக இருக்கும்.

நான் திரும்பத் திரும்பப் போவது பெகோ, எபோ, அல்கலா, கயினேரா சுற்று. மொத்தம் 55 கிலோமீட்டர் அளவில் வரும். பெகோவிலிருந்து முதல் எட்டு கிலோமீட்டர் ஏற்றம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் கீழே ஆரஞ்சுத் தோப்புகள், அதற்கப்பால் பெகோ–ஒலிவா சதுப்புநிலம், அதில் நெல் வயல்கள், அதற்கும் அப்பால் கடல். வயலில் தண்ணீர் கட்டியிருக்கும் நாட்களில் காலை வெயிலில் அது கண்ணாடி போல் மின்னும். உச்சியைத் தாண்டி எபோ பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் கடல் இருந்த சுவடே தெரியாது. காற்றின் மணம்கூட மாறிவிடும், ரோஸ்மேரியும் காய்ந்த புல்லும்.

எபோவிலிருந்து அல்கலா தெ லா ஜொவாதா போகும் பத்து கிலோமீட்டர்தான் இந்தச் சுற்றின் உயிர். கல்லின் மேல் கல்லாக, சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள் மலை முழுக்க. பாதி இடங்களில் உழுவார் இல்லை. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பெனிஜெம்ப்லா, பெனிமவுரெல், பெனியார்பெய்க். இந்த 'பெனி' அரபு மொழியில் 'இன்னாரின் மக்கள்' என்பது. இங்கே வாழ்ந்த முஸ்லிம் வழிவந்த மொரிஸ்கோ மக்களை 1609-இல் ஸ்பெயின் அரசு நாடு கடத்தியது. பிறகு பல ஊர்களில் மயோர்க்கா தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தார்பெனா ஊரில் பேச்சில் இன்னும் அந்தத் தீவின் வாடை இருக்கிறது. அரகோன் மன்னர் முதலாம் ஜாய்மேயை எதிர்த்து நின்ற முஸ்லிம் தலைவர் அல்-அஸ்ராக் பிறந்த ஊர் அல்கலா என்கிறார்கள். இவ்வளவு சாலையும் இவ்வளவு சுவரும் இருந்து ஆள் மட்டும் குறைவாக இருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறும், பின்னாளில் வேலை தேடிக் கடற்கரைக்கு இறங்கியவர்களின் கதையும் இருக்கிறது. நான் அனுபவிக்கும் அமைதி யாரோ விட்டுப்போன வீடுகளின் அமைதி என்று தெரிந்த பிறகு, அங்கே பாட்டை அலறவிட்டுக்கொண்டு போக மனசு வருவதில்லை.

அல்கலாவுக்கு அப்பால் மார்கரிதா வழியாக சி.வி. 700-ஐப் பிடித்து வலப்பக்கம் திரும்பினால் கயினேரா பள்ளத்தாக்கு. எட்டுச் சிற்றூர்கள், மெதுவான இறக்கம், இருபுறமும் செர்ரி மரங்கள். மார்ச் கடைசியில் வெள்ளைப் பூ, மே மாதம் பழம். தெற்கே மலை உச்சியில் ஃபொராதாதா என்ற ஓட்டைப் பாறை வானத்தில் ஜன்னல் வைத்த மாதிரி தெரியும். இந்தச் சாலையில் நான் வேகமாக இறங்கியதே இல்லை. பெனிசிவாவில் நின்று குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொள்வேன்.

கருவி விஷயம் கொஞ்சம். முதல் ஆண்டு 25 மில்லிமீட்டர் டயரில், காற்றை நூறு பி.எஸ்.ஐ. அடித்து ஓட்டினேன். அக்டோபரில் மழை விட்ட மறுநாள் எபோவிலிருந்து பெகோவுக்கு இறங்கும்போது ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கியது. பாறையிலிருந்து உதிர்ந்த பொடிக்கல் ஈரத்தோடு சாலையில் படிந்திருந்தது. முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று, தடுப்புக் கம்பி ஒரு முழ தூரத்தில் இருந்தது. அடுத்த வாரமே 30 மில்லிமீட்டர் டயர் மாட்டினேன், காற்று எழுபதுக்குக் கீழே. இந்த மலைக்கு அதுதான் சரி. பின்சக்கரத்தில் 34 பல் கியர் இருக்கட்டும். எபோ ஏற்றத்துக்குத் தேவைப்படாது, ஆனால் வழி தவறித் தோட்டப் பாதையில் ஏறினால் பதினைந்து சதவீதம் சாதாரணமாக வரும். டியூப் இரண்டு எடுத்துப் போங்கள். எபோவுக்கும் அல்கலாவுக்கும் நடுவே பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது. ஒரே டியூபோடு போய் இரண்டு பஞ்சர் ஆகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நடந்திருக்கிறேன்.

காலம் என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மே முடிய. ஜூலை, ஆகஸ்டில் காலை பத்துக்குள் வீடு திரும்பிவிடுவேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை கீழைக்காற்று கடலிலிருந்து மேகத்தைக் கொண்டுவந்து இந்த மலையில் மோதவிடும். வலேன்சியா மாநிலத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் பெகோவும் ஒன்று. கனமழை எச்சரிக்கை வந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் மலைக்குப் போவேன்.

பத்தரை மணிக்கு எந்த ஊர்ப் பாரிலும் 'எஸ்மோர்சாரெத்' என்ற முற்பகல் சிற்றுண்டி உண்டு. அரைமுழ ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு முட்டைப் பொரியல், கூடவே வேர்க்கடலையும் ஆலிவும். தோட்ட வேலை முடித்த பெரியவர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள். மதியம் மூன்றுக்கு மேல் பல ஊர்களில் ஒன்றும் திறந்திருக்காது.

ஆறு ஆண்டில் இரண்டு விஷயம் மாறியது. ஷாலோ, குவாதலெஸ்த் பக்கம் பிப்ரவரியில் மலையே இளஞ்சிவப்பாகும் வாதாம் தோப்புகள் பல இன்று இல்லை. 2017-இல் குவாதலெஸ்தில் மரங்களைக் காயவைக்கும் ஷைலெல்லா என்ற பாக்டீரியா இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நோய் வந்த மரத்தோடு சுற்றிலும் இருந்தவற்றையும் வெட்டச் சொன்னார்கள். இரண்டாவது, 2022 ஆகஸ்ட் 13 அன்று எபோவில் மின்னல் விழுந்து பற்றிய தீ. பதினோராயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்தச் செப்டம்பரில் போனபோது சாலையின் இரு பக்கமும் கருப்பு, பறவைச் சத்தமே இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் விரும்பியதில்லை. பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

இப்போது எரிந்த பைன் மரங்கள் வெளுத்த குச்சிகளாக நிற்கின்றன. அவற்றின் காலடியில் மார்கயோ என்ற குட்டைப் பனைதான் முதலில் துளிர்த்தது. கருகிய அடிமரத்திலிருந்து விசிறி விசிறியாக, முழங்கால் உயரத்துக்குப் பச்சை. போன வாரம் அந்த வளைவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. கடைசி ஆடு போகும்வரை காத்திருந்து, அல்கலா பக்கம் மிதித்தேன்.