கையடக்க ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா: கோப்புகளுக்கு எது பாதுகாப்பு?

வேகத்தைப் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. கையடக்க ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட்டைச் சற்றே தாண்டும்போது தட்டுகளுக்குப் பதில் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அதைப்போல் பல மடங்கு வேகத்தில் எழுதுகிறது. அதே கொள்ளளவுக்கு விலை ஹார்ட் டிஸ்க்கில்தான் குறைவு. கடைக்காரரும் விளம்பரமும் இந்த இரண்டையும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, இவை ஒவ்வொன்றும் எப்படிக் கெடும் என்பதை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தத் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால், அல்லது கேபிளோடு சேர்த்து லேப்டாப்பைச் சட்டென்று தூக்கினால், முனை தட்டில் உரசிவிடும். ஓய்ந்திருக்கும்போது முனை ஒதுங்கி நிற்பதால் ஆபத்து குறைவு. ஆகவே சுழற்சி நின்ற பிறகே கையில் எடுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. பயணத்தில் பயன்படுத்துவதற்கு அதுவே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மின்சாரத்திலும் ஹார்ட் டிஸ்க்குக்கே தொல்லை அதிகம். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரையும், யூஎஸ்பி 3.0 போர்ட் 900 வரையும் தர வேண்டும் என்பது விதி. தட்டுகள் சுழலத் தொடங்கும் கணத்தில் அதற்கும் மேல் தேவைப்படலாம். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பிலோ நீளமான மலிவு கேபிளிலோ இணைத்தால் டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலித்துத் திணறுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், குட்டையான நல்ல கேபிளால் கணினியின் போர்ட்டிலேயே நேராக இணைத்துப் பார்ப்பது நல்லது.

கழற்றும் விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே நியாயம். விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து, வெளி டிரைவுகளுக்கு தரவை நினைவகத்தில் தேக்காமல் உடனே எழுதும் 'விரைவாகக் கழற்றல்' என்பதே இயல்பு அமைப்பாகிவிட்டதால், முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். எழுதும் வேலை எதுவும் நடக்காதபோது அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த அமைப்பை வேகத்துக்காக மாற்றியிருந்தாலோ, லினக்ஸில் வேலை செய்தாலோ, நகலெடுக்கும் பட்டை நிறைந்த பிறகும் தரவின் ஒரு பகுதி கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். அந்த நேரத்தில் பிடுங்கினால் சேதம் எவ்வளவு என்பதை, டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விதமான கோப்பு முறைமையும் தீர்மானிக்கிறது. விண்டோஸின் வழக்கமான முறைமையான என்டிஎஃப்எஸ் தன் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்வதால், பாதியில் நின்ற எழுத்து கோப்புறை அமைப்பைக் குலைக்காமல் பெரும்பாலும் மீண்டுவிடும். 2006-இல் வந்த இன்னொரு முறைமையான எக்ஸ்ஃபேட்டில் அந்தப் பதிவேடு இல்லை. இருந்தும் எக்ஸ்ஃபேட்டைப் பரிந்துரைக்க நேர்கிறது, ஏனெனில் என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் தானாகப் படிக்குமே தவிர அதில் எழுதாது. விண்டோஸ் கணினியை விட்டு வெளியே போகாத டிரைவுக்கு என்டிஎஃப்எஸ், இரண்டு பக்கமும் போய் வர வேண்டியதற்கு எக்ஸ்ஃபேட் என்று வைத்துக்கொண்டு, பின்னதை வெளியேற்றும் கட்டளை இன்றிக் கழற்றாமல் இருந்தால் போதும்.

கெட்ட பிறகு நடப்பதில்தான் ஹார்ட் டிஸ்க் தன் மதிப்பைக் காட்டுகிறது. விசித்திர ஒலி, திறக்கத் தாமதமாகும் கோப்புகள் என்று அது பல நேரம் முன்னறிவிப்புத் தருகிறது. முனை பழுதானாலும் தூசியில்லா அறையில் மாற்றி மீட்பவர்கள் இருக்கிறார்கள், கட்டணம்தான் கனமாக இருக்கும். எஸ்எஸ்டியோ, கட்டுப்பாட்டுச் சிப் போய்விட்டால், நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று கணினிக்குத் தெரியாமலே போய்விடும். தவறுதலாக அழித்த கோப்பும் அப்படித்தான்: எந்த இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை இயங்கும் எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை டிரைவே துப்புரவு செய்துவிடுவதால், மீட்பு மென்பொருளுக்கு மிச்சம் இருப்பதில்லை.

அலமாரியில் வைப்பதிலும் இந்த வேறுபாடு உண்டு. எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது. அது மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் விரைவாகக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே, சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், திருமணப் படங்களை அதில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டு மறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு ஹார்ட் டிஸ்க் மேல். அதையும் அவ்வப்போது இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆகவே அன்றாடம் கொண்டுபோய் வேலை செய்ய எஸ்எஸ்டி, அதன் நகலை வீட்டில் வைத்திருக்க ஹார்ட் டிஸ்க் என்பது என் தேர்வு. அந்த நகல் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கணினிக்குள் நுழைந்தால், அப்போது செருகியிருக்கும் டிரைவுகளையும் சேர்த்தே பூட்டிவிடும்.