கையிருப்பை யார் முதலில் திறப்பது?

உலக நாடுகளின் எரிசக்தி ஒத்துழைப்பு குறித்த ஆறு வார இணையவழிப் பாடநெறியை நேற்றிரவு முடித்தேன். மூன்றாம் வாரத்துக்காகவே இதில் சேரலாம்.

அந்த வாரம் நம்மை ஓர் எரிசக்தி அமைச்சரின் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். திரையில் ஒரே ஓர் எண்: நாட்டின் எண்ணெய்க் கையிருப்பு இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்பது. விலை ஏறிக்கொண்டே போகிறது. பேச்சுவார்த்தையில் மற்ற நாட்டு அமைச்சர்களாக இருந்தவர்கள் தங்கள் கையிருப்பைச் சந்தைக்குத் திறப்பார்களா என்று தெரியாமல் நான் தயங்கினேன். என்னைப் பார்த்து இன்னும் இருவர் பின்வாங்கினார்கள். பேச்சுவார்த்தை குலைந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு மறு ஆண்டே சர்வதேச எரிசக்தி முகமை ஏன் பிறந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் இறக்குமதி செய்யும் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற அதன் விதியை இதுவரை வறட்டுக் கணக்காகவே படித்திருந்தேன். பக்கத்து நாட்டை நம்பத் துணிவு தருவது அந்த விதிதான்! 2022-இல் உறுப்பு நாடுகள் இரண்டு முறை சேர்ந்து கையிருப்பை விடுவித்த கதை இங்கே விரிவாக வருகிறது.

1960-இல் பாக்தாதில் ஐந்து நாடுகள் தொடங்கிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக் பற்றிய பாடமும் நன்று.

கடைசி வாரம் ஏமாற்றம். புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திறனை 2030-க்குள் மும்மடங்காக்க 2023-இல் துபாய் காலநிலை மாநாட்டில் எடுத்த முடிவைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஏழை நாடுகளுக்குக் கடன் யார் தருவது, எந்த வட்டிக்கு? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குமாறு நடத்துபவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.