படகுக்குச் சாட்டிலைட் இணையம் என்று சொல்லி வருபவனிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்

ஆழ்கடல் தொழிலுக்குப் போகும் விசைப்படகு வைத்திருப்பவர்கள் இதை முழுவதும் படியுங்கள். தெரிந்த படகுக்காரர்களுக்கும் அனுப்புங்கள். கடலில் எந்த மூலைக்குப் போனாலும் இணையம் கிடைக்கும் என்று சொல்லி ஒரு கடைக்காரன் எங்களிடம் ரூ.2,40,000 வாங்கி ஏமாற்றிவிட்டான். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். கொச்சிப் பக்கம் ஒரு மீன்பிடித் துறைமுகத்தின் அருகே வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் எல்லாம் விற்கும் கடை. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் லட்சத்தீவையும் தாண்டித் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகின்றவை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே கைபேசி சிக்னல் அறுந்துவிடும். வி.எச்.எஃப். வயர்லெஸ் பக்கத்துப் படகோடு பேசத்தான் உதவும், வீட்டுக்கு எட்டாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் கிடந்த எங்கள் ஆட்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை என்று ஊர் ஊராகச் சாவு விழுந்தது. எங்கள் படகை ஓட்டுவது என் அத்தான். அவர் கடலில் இருக்கும்போது இரவில் காற்று கொஞ்சம் பலத்தாலும் அக்கா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பயத்தைத்தான் இவன் விலைபேசி விற்றான்.

கடைக்காரன் தமிழ் நன்றாகப் பேசுவான். முதல் நாளே, "அண்ணே, நான் வியாபாரி இல்லை, ஒக்கியில் சொந்தக்காரனைப் பறிகொடுத்தவன்" என்று ஆரம்பித்தான். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய்யாக இருந்தால் அவனுக்கு மன்னிப்பே கிடையாது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி, போதாதா என்று அத்தான் கேட்டார். ஒரு லட்சம் படகுகளுக்கு என்று 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்களே, அதுதான். "அதில் குறுஞ்செய்தி மட்டும்தான் அண்ணே போகும். இதில் முகம் பார்த்துப் பேசலாம்" என்றான். ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்த செய்தித் துணுக்கைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான். அந்த நிறுவனத்துக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "இந்தியாவில் எல்லாம் திறந்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொள்ள அந்தத் துணுக்கு அவனுக்கு உதவியது.

சாதனத்துக்கு ரூ.1,68,000. மாதம் ரூ.12,000 வீதம் ஆறு மாதச் சந்தா முன்பணமாக ரூ.72,000. மொத்தம் ரூ.2,40,000.

துறைமுகத்தில் படகு கட்டியிருக்கும்போதே வந்து வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரையில் வெள்ளைக் கூண்டு ஒன்றைப் பொருத்தினான். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கி வைத்தார்கள், அவ்வளவு கனம். பிறகு எங்கள் எல்லோருடைய கைபேசிகளையும் விமானப் பயன்முறையில் போடச் சொன்னான். வைஃபையை மட்டும் இணைத்தான். "இப்போது உங்கள் போனில் சிம்கார்டு வேலை செய்யவில்லை, சரிதானே? வீட்டுக்குப் பேசுங்கள்" என்றான். அத்தான் அக்காவை வீடியோவில் அழைத்தார். அடுப்படியில் நின்றிருந்தவளின் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. "கடலிலிருந்தும் இப்படித்தான் பேசுவீர்களா?" என்று கேட்டு அழுதாள். கடைக்காரன் அத்தானின் தோள்மேல் கையை வைத்து, "லட்சத்தீவிலும் இதே தெளிவு, அக்கா" என்று அவளிடமே சொன்னான். அந்த இடத்திலேயே மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தோம்.

படகு புறப்பட்டது. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் இணையமும் மறைந்தது. பிறகு அந்தத் தங்கல் முழுவதும் ஒரு செய்திகூட வரவில்லை. வீடியோவில் பேசுவார் என்று காத்திருந்த அக்கா, ஒன்றும் வராததால் படகுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மாதா கோயிலே கதி என்று கிடந்தாள். இவன் விற்ற பெட்டி பயத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பணத்தைவிட எனக்கு ஆத்திரம் அதில்தான்.

கடைக்குப் போன் செய்தால் முதலில் "மேகமூட்டம்" என்றான். பிறகு "படகு ஆட்டத்தில் திசை மாறியிருக்கும்" என்றான். அடுத்த முறை "கம்பெனியில் செயல்படுத்தத் தாமதம், திங்கட்கிழமை சரியாகிவிடும்". எத்தனையோ திங்கட்கிழமைகள் போய்விட்டன. பின்னர் கடைப் பையன்தான் எடுப்பான், "முதலாளி வெளியே போயிருக்கிறார்" என்பான். வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் வராது. நேரில் போனபோது, உப்புத் தண்ணீர் விட்டு நாங்களே கெடுத்துவிட்டோம் என்றும், பரிசோதிக்க ரூ.15,000 ஆகும் என்றும் சொன்னான். கடலில் வைக்கும் பொருள் உப்புத் தண்ணீரில் கெட்டுவிட்டது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறான்!

தேங்காப்பட்டணத்தில் எங்களுக்கு வயர்லெஸ் பழுது பார்த்துத் தருபவரிடம் கூண்டைக் கொண்டுபோனோம். அடியில் நான்கே திருகுகள். கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே டிஷ் இல்லை. மோட்டார் இல்லை. விரல் நீளத்தில் இரண்டு ஏரியல்களை நெகிழிப் பட்டையால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் சிம்கார்டு போட்ட ஒரு சாதாரண 4ஜி ரௌட்டர். எல்லாவற்றுக்கும் கீழே, கனம் தெரிவதற்காக ஒரு துருப்பிடித்த இரும்புத் தகட்டை போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். துறைமுகத்தில் அக்காவின் முகத்தைக் காட்டியது பக்கத்துக் கைபேசி கோபுரம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "டி.டி.எச். போல 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் செயற்கைக்கோள்" என்றுதான் கடைக்காரன் எங்களிடம் சொல்லியிருந்தான். அவ்வளவு தூரம் போய் வரும் பேச்சில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே அரை நொடிக்குக் குறையாமல் இடைவெளி விழும். அக்கா பேசியபோது இடைவெளியே இல்லை. உண்மையான கடல் கூண்டுக்குள் படகு எப்படி உருண்டாலும் டிஷ்ஷை ஒரே திசையில் பிடித்து நிறுத்த மோட்டார்கள் இருக்கும். தாழப் பறக்கும் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அவற்றில் தாமதம் குறைவு, அவற்றுக்கு வேண்டியது தட்டையான பலகை ஆன்டெனா. எங்கள் கூண்டில் இருந்தது இரண்டு வகையுமில்லை.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் "கப்பல் மின்னணுப் பொருள்" என்று மட்டும் எழுதியிருக்கிறான். சாட்டிலைட் என்ற சொல்லே அதில் இல்லை. சந்தாப் பணம் ரூ.72,000-க்கு ரசீதே தரவில்லை. முதல் நாளிலிருந்தே திட்டம் போட்டுச் செய்திருக்கிறான்.

கப்பலிலும் படகிலும் சாட்டிலைட் இணையம் தருவதற்கு 2018-லேயே விதிகள் வந்துவிட்டன. உரிமம் உள்ள நிறுவனம் மட்டும்தான் தர முடியும். உரிமமில்லாத செயற்கைக்கோள் கருவியை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டுப் பயணிகளே சாட்டிலைட் போனோடு விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். இவன் போலிக்குப் பதில் கடத்தல் சரக்கைப் பொருத்தியிருந்தால், நடுக்கடலில் கடலோரக் காவல்படை ஏறிச் சோதிக்கும்போது கைதாகியிருப்பது என் அத்தான். கடைக்காரன் அப்போதும் கல்லாவில்தான் உட்கார்ந்திருப்பான்.

இனி வாங்குகிறவர்களுக்கு. சேவை தரும் நிறுவனத்தின் பெயர், உரிமம், கருவியின் வரிசை எண் மூன்றும் பில்லில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். துறைமுகத்தில் காட்டும் சோதனையை நம்பாதீர்கள், சிக்னல் இல்லாத தூரத்துக்குப் படகைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். வேகம் பார்க்கும் இணையப் பக்கத்தில் கைபேசி நிறுவனத்தின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேசினால் போதும் என்பவர்கள் பி.எஸ்.என்.எல். அலுவலகத்தில் சாட்டிலைட் போன் பற்றி விசாரியுங்கள். அரசின் டிரான்ஸ்பாண்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ஐந்து லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. கடை கேரளத்தில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாங்கள் ரூ.2,40,000-க்கும் நாகர்கோவிலில்தான் போட்டிருக்கிறோம்.

இதே வெள்ளைக் கூண்டைத் தேங்காப்பட்டணத்தில் வேறு படகுகளிலும் பார்த்தேன். அடுத்த தங்கலுக்குப் போகும் முன் அந்த நான்கு திருகுகளையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிம்கார்டு இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒன்றாகவே புகார் கொடுக்கலாம்.